மருந்துச் சீட்டில் எழுதப்பட்ட உணவு

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் காலையிலேயே வரிசை தொடங்கிவிடுகிறது. கையில் சீட்டுடன் முதியவர்கள், இடுப்பில் குழந்தையுடன் தாய்மார்கள், வேலைக்குப் போகும் வழியில் இருமலுக்கு மாத்திரை வாங்க வந்த கூலியாட்கள் என, நமக்கெல்லாம் நன்கு பழகிய காட்சி அது. சென்ற மாதம் வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தை இந்த மாதமும் அதே நோயோடு வந்து நிற்கிறது. மருத்துவர் தம் கடமையில் குறை வைக்கவில்லை. மருந்தும் கொடுக்கப்பட்டது. ஆயினும், குணமான குழந்தை திரும்பிச் சென்றது அதே வீட்டுக்கு; குடித்தது அதே நீரை; உண்டது அதே கஞ்சியை.

அவ்வாறாயின் மருத்துவ நிலையத்தின் பணி எங்கே முடிகிறது? மருந்தைக் கொடுத்து அனுப்பும் வாசற்படியிலா? அல்லது அந்தக் குழந்தையின் வீட்டு அடுப்படி வரையிலும், அவ்வூர்க் கிணறு வரையிலும் அது செல்ல வேண்டுமா? எளிதாகத் தோன்றும் இக்கேள்வியை ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு தென்னாப்பிரிக்காவின் மலையடிவாரம் ஒன்றில் ஒரு சிறு குழுவினர் கேட்டனர். அவர்கள் கண்ட விடையின் வரலாற்றையே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

வறண்ட மலையடிவாரம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் அடிவாரத்தில், புல்வர் என்னும் சிற்றூரை ஒட்டி அமைந்துள்ளது பொலேலா. சூலு மொழி பேசும் மக்கள் வாழும் பகுதி அது. 1913-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிலச் சட்டம், நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கென ஏறத்தாழ 7 விழுக்காடு நிலத்தை மட்டுமே ஒதுக்கியது. சிறிய நிலத்தில் பெரிய மக்கள்தொகை நெருக்கப்பட்டபோது மண் களைத்துப் போயிற்று. மழை வந்து மேல்மண்ணை அரித்துச் சென்றது. கால்நடைகள் மெலிந்தன.

அரசுக்குத் தலைவரியும் குடிசைவரியும் கட்டியாக வேண்டும். விளைச்சலோ வீட்டுக்கே போதவில்லை. எனவே ஆண்கள் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் கூலிகளாகப் புறப்பட்டனர். மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் அவர்கள் வீடு திரும்பவில்லை. திரும்பியவர்களுள் பலர் காசநோயையும் மேகநோயையும் உடன் கொண்டுவந்தனர். ஊரில் எஞ்சியிருந்த பெண்களும் முதியோரும் குழந்தைகளும் மக்காச்சோளக் கூழையே முப்போதும் உண்டு வாழ்ந்தனர். புரதமும் உயிர்ச்சத்தும் இல்லாத அந்த உணவு, தோல் வெடித்துப் புண்ணாகும் பெல்லாக்ரா நோயையும், குழந்தைகளின் உடல் வீங்கி முடி நிறமிழக்கும் குவாஷியார்கர் நோயையும் வீடுதோறும் விதைத்தது.

இந்நிலத்துக்கு 1940-ஆம் ஆண்டில் நான்கு பேர் வந்து சேர்ந்தனர். சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் இளம் மருத்துவத் தம்பதியர் இருவர். மருத்துவ உதவியாளரான எட்வர்டு ஜாலி, செவிலியரான அவர் மனைவி அமேலியா ஜாலி ஆகியோர் மற்ற இருவர். கார்க் தம்பதியர் வெள்ளையர். ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். ஜாலி தம்பதியரோ கறுப்பினத்தார். மக்களின் மொழியையும் மனப்போக்கையும் உள்ளிருந்தே அறிந்தவர்கள். நூல்கள் பெரும்பாலும் முதல் இருவரையே புகழ்கின்றன. ஆனால் அந்நியரான வெள்ளை மருத்துவர் ஒருவருக்குத் தம் வீட்டுக் கதவைத் திறக்க அம்மக்கள் இணங்கினார்கள் என்றால், அதில் பின்னிருவரின் பங்கு எவ்வளவு என்பதை நாம் எளிதில் உணரலாம்.

வாசலைக் கடந்து

தொடங்கப்பட்டது ஒரு நலவாழ்வு நிலையம். நோயாளிகளைப் பார்ப்பது, பிள்ளைப்பேறு பார்ப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது ஆகிய அன்றாடப் பணிகள் எல்லாம் அங்கே நடந்தன. வந்தவரை நோயோடு திருப்பியனுப்பி ‘வருமுன் காக்க’ என்று அறிவுரை மட்டும் சொல்லும் நிலையமாக அது இருக்கவில்லை. ஆனால் அத்துடன் நிற்கவுமில்லை. நிலையத்தைச் சுற்றி ஒரு பகுதியை வரையறுத்துக்கொண்டு, அங்குள்ள ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்தில் குறித்தார்கள். நோய் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் வேலைக்குச் சென்றிருக்கிறார், என்ன சமைக்கிறார்கள், நீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பிடம் உண்டா, இவ்வாண்டில் பிறந்தவர் யார், இறந்தவர் யார் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். தனி நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பம் முழுமைக்கும் ஒரு கோப்பு இருந்தது. ஆண்டுதோறும் இக்கணக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. புதிய பகுதிகள் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டன.

இவ்வேலையை மருத்துவர்கள் தனியே செய்திருக்க இயலாது. அந்த மண்ணின் மக்களிலிருந்தே ஆண்களும் பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டு, நலவாழ்வு உதவியாளர்களாகப் பயிற்சி பெற்றனர். ஒவ்வொருவர் பொறுப்பிலும் குறிப்பிட்ட சில வீடுகள் இருந்தன. அவர்கள் கண்டு வந்தவற்றை மருத்துவரும் செவிலியரும் அவர்களோடு ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்தனர். மருத்துவ அறையில் ஒரு குழந்தையின் மெலிவைக் கண்ட மருத்துவர், அந்த வீட்டில் பால் தரும் மாடு இல்லை என்பதையும், தந்தை எட்டு மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்பதையும் உதவியாளர் வாயிலாகவே அறிய முடிந்தது. மருத்துவருக்குத் தெரியாத பாதி உண்மை உதவியாளரிடம் இருந்தது. அதைக் கேட்கும் பணிவு மருத்துவரிடம் இருந்தது. பொலேலாவின் சிறப்பு இதுவே என்று நாம் கருதுகிறோம்.

1942-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 275 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துபோயின. நான்கு தொட்டில்களுள் ஒன்று வெறுமையானது என்று பொருள். 1950-ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழ 100-ஆகக் குறைந்தது. அதுவும் துயரமான எண்ணிக்கைதான். எனினும், பெரிய மருத்துவமனையோ புதுமையான கருவிகளோ இல்லாத ஓரிடத்தில், எட்டே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் அது.

பாலும் பண்பாடும்

இம்மாற்றம் எளிதில் வந்துவிடவில்லை. பிற்காலத்தில் பொலேலாவின் பொறுப்பேற்ற மருத்துவர் ஜான் காசல், 1955-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரையில் இப்பணியின் இடர்ப்பாடுகளை மனந்திறந்து எழுதியுள்ளார். அவற்றுள் சில நம் சிந்தனைக்குரியவை.

மக்காச்சோளம் மட்டும் போதாது என்று நிலையத்தார் சொன்னபோது, ‘இதுதானே எங்கள் முன்னோரின் உணவு’ என்னும் எண்ணம் குறுக்கே நின்றது. அவர்கள் வாதாடவில்லை. ஊர் முதியோரை அழைத்துப் பழைய நாள்களைப் பற்றிப் பேசச் செய்தார்கள். அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. மக்காச்சோளம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பயிர். முன்னோர் தினை வகைகளை விளைவித்தனர். பாலும் இறைச்சியும் காட்டுக் கீரைகளும் உண்டனர். புதிய பழக்கமென்று தோன்றியது பழைய செல்வத்தை மீட்பதே என்று மக்கள் உணர்ந்தார்கள். கம்பையும் கேழ்வரகையும் மறந்துவிட்டு, இன்று அவற்றை மருத்துவர் சொல்லக் கேட்டுத் தேடி வாங்கும் நமக்கு இந்நிகழ்ச்சி அந்நியமானதன்று.

வீட்டுத் தோட்டங்கள் பெருகின. காய்கறி விதைகளை மக்களே கூட்டாக வாங்கினர். விளைந்ததை விற்கச் சந்தை ஒன்றும் தோன்றியது.

பாலின் செய்தி இன்னும் நுண்ணியது. ஒரு வீட்டு மாட்டின் பாலை அக்குலத்தைச் சேர்ந்தவர்களே அருந்தலாம் என்பது சூலு மக்களின் மரபு. மாடு அவர்களுக்கு முன்னோரோடு தொடர்புடைய செல்வம். எனவே வேறு குலத்திலிருந்து மணமாகி வந்த பெண், கணவன் வீட்டு மாட்டுப் பாலை அருந்தக் கூடாது. கருவுற்றிருந்த காலத்தில் அவளுக்குப் பால் மிகத் தேவை. அப்போதுதான் அது அவளுக்கு விலக்கப்பட்டிருந்தது. நிலையத்தார் அந்த மரபை ஏளனம் செய்யவில்லை. மாட்டுத் தொழுவத்தோடு தொடர்பில்லாத பால் மாவை வழங்கினார்கள். அது எந்தக் குலத்தின் மாட்டுக்கும் உரியதன்று. எனவே மரபும் மீறப்படவில்லை. தாயும் சத்துப் பெற்றாள்.

தவறியதும் உண்டு. காசநோயுற்ற ஒரு பெண்ணை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், இல்லையேல் அவளிடமிருந்து மற்றவருக்கும் நோய் பரவும் என்று மருத்துவர் கூறியபோது, அவள் தந்தை சினந்து மறுத்துவிட்டார். பிறருக்கு நோயை உண்டாக்கும் ஆற்றல் சூனியக்காரருக்கே உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. மருத்துவரின் சொல், தம் மகளைச் சூனியக்காரி என்று பழிப்பதாக அவர் செவியில் விழுந்தது. அறிவியல் உண்மையைச் சொன்ன வாயே ஒரு தந்தையின் நெஞ்சைப் புண்படுத்தியது. உண்மையை எப்படிச் சொல்வது என்பதையும் அம்மக்களிடமே கற்க வேண்டும் என்று நிலையத்தார் அறிந்துகொண்டார்கள்.

முளையிலேயே வாடிய பயிர்

பொலேலாவின் வெற்றி நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 1942 முதல் 1944 வரை ஹென்றி குளுக்மன் தலைமையில் இயங்கிய தேசிய ஆணைக்குழு, நாடெங்கும் 400 நலவாழ்வு நிலையங்களை அமைக்கப் பரிந்துரைத்தது. அனைத்து இனத்தவருக்கும் பொதுவான மருத்துவப் பணி என்பது அவர் கண்ட கனவு. ஏறத்தாழ நாற்பது நிலையங்கள் உருவாயின. பணியாளர்க்குப் பயிற்சி தரும் கழகம் ஒன்று டர்பன் நகரில் நிறுவப்பட்டது. அக்கழகத்தின் நிலையங்கள் ஆப்பிரிக்கர்க்கும் இந்தியர்க்கும் பிற இனத்தவர்க்கும் பணியாற்றின. 1860-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களும், அவர்களைத் தொடர்ந்து சென்ற நம்மவர்களும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நகரம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

1948-ஆம் ஆண்டுத் தேர்தலில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிறவொதுக்கல் நாட்டின் சட்டமாயிற்று. ‘மக்கள் ஏன் நோயுறுகிறார்கள்’ என்று கேட்கும் நிலையத்தை அந்த அரசு எவ்வாறு பொறுத்துக்கொள்ளும்? மேகநோய்க்குக் காரணம் தேடிப் புறப்பட்ட சிட்னி கார்க், 1949-ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையில், குடும்பத்தைப் பிரித்து ஆண்களைச் சுரங்கங்களுக்கு இழுத்துச் செல்லும் கூலிமுறையையே சுட்டிக்காட்டியிருந்தார். நோயின் வேரைத் தேடியவர் ஆட்சியின் வேரைத் தொட்டுவிட்டார். நிதி சிறிது சிறிதாகச் சுருங்கியது. நிலையங்கள் வெறும் மருந்து கொடுக்கும் இடங்களாக மாற்றப்பட்டன, அல்லது மூடப்பட்டன. 1958-ஆம் ஆண்டில் கார்க் தம்பதியர் நாட்டை விட்டு வெளியேறினர். பின்னர் எருசலேமில் தங்கள் பணியைத் தொடர்ந்தனர். டர்பன் கழகமும் சில ஆண்டுகளில் மறைந்தது.

பொலேலாவுக்குத் தன் எல்லையும் இருந்தது என்பதை நாம் மறைத்தலாகாது. தோட்டம் போடக் கற்பிக்க அதனால் முடிந்தது. பறிக்கப்பட்ட நிலத்தைத் திருப்பித் தர முடியவில்லை. காசநோயாளிக்கு மருத்துவம் செய்ய முடிந்தது. அவரைச் சுரங்கத்துக்கு அனுப்பிய வறுமையை ஒழிக்க முடியவில்லை. எனினும், வேர் எங்கிருக்கிறது என்று அது சொல்லிற்று. சொன்னதற்காகவே வாடிற்று.

கடல் கடந்த விதை

டர்பன் கழகம் மறைவதற்கு முன்பு, 1957-ஆம் ஆண்டில், அமெரிக்க மருத்துவ மாணவர் ஒருவர் பொலேலாவுக்கும் டர்பனை ஒட்டிய லாமண்ட்வில்லுக்கும் வந்து சில மாதங்கள் பயின்று சென்றார். ஜாக் கைகர் என்பது அவர் பெயர். 1964-ஆம் ஆண்டுக் கோடையில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடியோர்க்கு மருத்துவ உதவி செய்ய அவர் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றார். பொலேலாவில் கண்டதையே தம் சொந்த நாட்டிலும் கண்டார். பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் வந்ததால் வேலையிழந்த குடும்பங்கள், ஒழுகும் குடிசைகள், தூய்மையற்ற குடிநீர், பசித்த குழந்தைகள். ஏழை நாட்டில் கற்ற பாடம் செல்வ நாட்டுக்கும் தேவைப்பட்டது.

வறுமை ஒழிப்புக்கென அமெரிக்க அரசு அப்போது ஒதுக்கிய நிதியின் துணையோடு, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் கைகரும் அவர் தோழர் கவுண்ட் கிப்சனும் இரண்டு நிலையங்களைத் தொடங்கினர். முதலாவது 1965-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயிண்ட் குடியிருப்பில் எழுந்தது. இரண்டாவது 1967-ஆம் ஆண்டில் மிசிசிப்பியின் மவுண்டு பாயூ என்னும் ஊரில் திறக்கப்பட்டது. முன்பு அடிமைகளாயிருந்தோர் 1887-ஆம் ஆண்டில் தாமே நிறுவிக்கொண்ட ஊர் அது.

மவுண்டு பாயூவில் மருத்துவர்கள் சந்தித்த முதன்மையான நோய் பசி. மெலிந்த குழந்தைகளுக்கு அவர்கள் மருந்துச் சீட்டு எழுதினார்கள். அதில் பாலும் காய்கறியும் இறைச்சியும் இவ்வளவு என்று குறிக்கப்பட்டிருந்தது. மக்கள் அச்சீட்டை உள்ளூர் மளிகைக் கடையில் கொடுத்து உணவுப் பொருள்களைப் பெற்றனர். கடைக்காரருக்கு உரிய பணம் நிலையத்தின் மருந்துச் செலவுக் கணக்கிலிருந்து வழங்கப்பட்டது. செய்தி மேலிடத்துக்கு எட்டியது. மருந்துப் பணத்தை உணவுக்குச் செலவிட்டது ஏன் என்று விசாரிக்க அதிகாரி வந்தார். ஊட்டக் குறைவு என்னும் நோய்க்கு மருத்துவ நூல்கள் கூறும் மருந்து உணவுதான் என்று கைகர் விடை கூறினார். வந்தவர் மறுமொழியின்றித் திரும்பினார்.

சீட்டில் எழுதித் தரும் உணவு எத்தனை நாளைக்கு? இக்கேள்வியையும் அவர்கள் மறக்கவில்லை. சமூகப் பணியாளரான ஜான் ஹாட்ச் ஊர்தோறும் மக்களைக் கூட்டிப் பேசினார். பருத்தி நிலத்தில் பிறருக்காக உழைத்தவர்கள் கூட்டுறவுப் பண்ணை ஒன்றை அமைத்துத் தங்களுக்கென்று காய்கறி பயிரிட்டனர். நிலையத்தார் கிணறு தோண்டினர், கழிப்பிடம் கட்டினர், வீடுகளைச் செப்பனிட்டனர். உள்ளூர் இளைஞர்களுக்குக் கல்வி வாய்ப்பும் உண்டாயிற்று; அவர்களுள் சிலர் பிற்காலத்தில் மருத்துவர்களாகவும் செவிலியராகவும் உயர்ந்தனர்.

அருட்சகோதரி மேரி ஸ்டெல்லா சிம்ப்சனை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தே மரிலாக்கும் நிறுவிய பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த அவர், பேறுகாலப் பணியில் தேர்ந்த செவிலியர். மவுண்டு பாயூ நிலையத்தில் சேர்ந்து, தாய்மார்களின் குடிசைகளுக்கே சென்று அவர்களைக் கவனித்து வந்தார். அந்நாள்களில் அவர் எழுதிய மடல்கள் 1978-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. பொலேலாவில் ஜாலி தம்பதியர் நடந்த பாதையிலேயே அச்சகோதரியும் நடந்தார் எனலாம்.

இன்று அமெரிக்காவில் இத்தகைய சமூக நலவாழ்வு நிலையங்களை நாடி வருவோர் ஆண்டொன்றுக்கு மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள். நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையத்தின் நோயாளிகளாகவே இருக்க வேண்டும் என்பது அங்குச் சட்டம். மருத்துவம் பெறுபவரே அந்நிலையத்தின் உரிமையாளர் என்னும் எண்ணம் சட்டமாகவே நிலைபெற்றுவிட்டது.

நம் வாசலில்

நம் நாட்டிலும் அதே காலத்தில் இதே கேள்வி எழுந்தது. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, நோய் தீர்த்தலும் நோய் தடுத்தலும் ஒரே நிலையத்தில் இணைய வேண்டும் என்றது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். நாம் அறிந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1952 முதல் எழுந்தது அவ்வறிக்கையின் பயனே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர், 1970-இல் மராட்டியத்தின் ஜாம்கெட் என்னும் வறட்சிப் பகுதியில், எழுதப் படிக்க அறியாத கிராமப் பெண்களுக்கே நலவாழ்வுப் பணியைக் கற்பித்தனர். 1978-ஆம் ஆண்டு செப்டம்பரில் அல்மா அட்டா நகரில் 134 நாடுகள் கூடி, அடிப்படை நலவாழ்வு மக்கள் அனைவரின் உரிமை என்று அறிவித்தபோது, இத்தகைய சிறு முயற்சிகளின் அனுபவமே அவ்வறிவிப்புக்குப் பின்னணியாயிற்று.

பொலேலா பிறந்த நாட்டிலும் காலம் மாறியது. 1994-ஆம் ஆண்டில் நிறவொதுக்கல் ஆட்சி முடிந்தது. பதவியேற்ற சில நாள்களிலேயே நெல்சன் மண்டேலா, கருவுற்ற தாய்மார்க்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு நிலையங்களில் கட்டணமில்லா மருத்துவம் கிடைக்கும் என்று அறிவித்தார்.

தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுசெல்லப்பட்டன. வாசலைக் கடந்த நல்லதொரு முயற்சி அது. ஆனால் பொலேலா நம்மிடம் இன்னும் ஒன்றைக் கேட்கிறது. மாத்திரையோடு வீட்டுக்குள் நுழைபவர் அந்த வீட்டைப் பார்க்கிறாரா? அடுப்பில் என்ன கொதிக்கிறது, குடத்தில் எந்த நீர் இருக்கிறது, வேலைக்குப் போன மகன் எப்போது வருவான் என்று கேட்க அவருக்கு நேரம் அளிக்கப்பட்டுள்ளதா? அவர் கேட்டு வந்ததை மருத்துவர் செவிமடுக்கிறாரா?

இக்கேள்விகளை அரசிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. அவை நம்மையும் நோக்கி வருகின்றன. நம் ஊர் சுகாதார நிலையத்தில் கிராம செவிலியராக வருபவரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர் ஊர்க் கூட்டத்தில் பேச நாம் எப்போதேனும் இடமளித்தோமா? ஊர்க் கிணற்றின் நீர் கெட்டபோது, பஞ்சாயத்தில் அவரோடு சேர்ந்து குரல் கொடுத்தோமா? மருத்துவ நிலையம் அரசின் கட்டடம் என்று நாம் நினைக்கும் வரை அது மருந்து கொடுக்கும் இடமாகவே இருக்கும். அது நம்முடையது என்று நாம் நினைக்கத் தொடங்கினால், அதே நோயோடு அதே குழந்தை மீண்டும் வரிசையில் வந்து நிற்பது நம் பொறுப்பும் ஆகிவிடும்.

பொலேலாவில் அந்நான்கு பேரும் கொண்டுவந்த மருந்துகள் குறைவே. அவர்கள் வீடு வீடாகச் சென்றார்கள், அமர்ந்தார்கள், கேட்டார்கள். நாளைக் காலையும் நம் ஊர் நிலையத்தின் முன் வரிசை நிற்கும். அவ்வழியே செல்லும்போது ஒரு கணம் நின்று, அங்கு நிற்பவரிடம் ‘வீட்டில் எல்லாரும் நலமா?’ என்று கேட்பதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.